ஆளுமை வகைகளின் பலம், பலவீனத்தை எப்படிப் புரிந்துகொள்வது? 16 வகைச் சோதனையை நம்பலாமா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினான்கு வருடங்களாக இருக்கிறேன். உளவியல் படித்தவன் அல்ல. ஆனால் நீங்கள் கேட்கும் அந்தச் சோதனையை எங்கள் அலுவலகத்தில் நடத்தினார்கள். அதற்குப் பிறகு நடந்த கூத்தையும் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

பயிற்சி நாளன்று ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். என் அட்டையில் ‘ஐ.எஸ்.டி.ஜே.’ என்று நான்கு எழுத்து. அமைதியானவர், பொறுப்பானவர், சொன்ன சொல் தவறாதவர் என்று கீழே விளக்கம். பூரித்துப்போய் வீட்டில் படித்துக் காட்டினேன். “இதை உங்கள் தம்பியிடம் காட்டினால் தனக்குத்தான் எழுதியிருக்கிறது என்பார்” என்றாள் மனைவி. அவன் வாங்கிய கடனைக் கேட்டால் ஊரையே விட்டுப் போகிறவன்.

அவள் அறியாமல் சொன்னதை 1948இல் ஒருவர் சோதித்தே பார்த்திருக்கிறார். அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, “இது உங்கள் ஆளுமை” என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள். வாசகங்களை அவர் எடுத்தது ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து. கிளி ஜோசியக்காரருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளை வைத்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கியதுதான் 16 வகைச் சோதனை. நான்கு எழுத்தில் ஒவ்வொன்றும் இரண்டில் ஒன்று; என் அட்டையின் ‘ஐ’ என்றால் உள்முகம், அதாவது ஒதுங்கி இருப்பவர், இல்லையென்றால் வெளிமுகம். அதன் கோளாறு, அளக்க வேண்டியதை இரண்டாக வெட்டிவிடுவது. ஊரில் உள்ளவர்களை நெட்டை, குட்டை என்று இரண்டே வரிசையில் நிறுத்தினால் நடுத்தர உயரக்காரர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த வருடம் மறுபடி எழுதியபோது எனக்கு ஓர் எழுத்து மாறிவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்துவது ஐந்து கூறுகள்: புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். இதில் நீங்கள் எந்தப் பெட்டி என்று கேட்பதில்லை, எது எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து பேரிக், மவுண்ட் இருவரும் 1991இல் எழுதிய கட்டுரையில், எல்லாத் தொழிலிலும் வேலைத்திறனோடு தொடர்பு காட்டியது பொறுப்புணர்வு.

அப்படியானால் அது எவ்வளவு இருந்தாலும் நல்லதா? எங்கள் பிரிவில் ஒருவர் இருக்கிறார். ஒரு மார்ச் மாதக் கடைசியில் கணக்கு 270 ரூபாய் இடித்தது. எழுதித் தள்ளிவிடலாம் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, “ஒன்பதால் வகுபடுகிறது சார், எங்கேயோ எண் இடம் மாறியிருக்கிறது” என்றார். இரவு ஒன்பதரைக்குக் கண்டுபிடித்தார்: 1,630 என்பதை 1,360 என்று ஏற்றியிருந்தோம். தவறு என்னுடையது. அதே மனிதர் ஒரு மாதம், ஒரே ஒரு பில் ஒத்துவரவில்லை என்று ஜிஎஸ்டி படிவத்தை 20ஆம் தேதி தாண்டியும் பிடித்து வைத்தார். நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் போனது பெரிதல்ல, வரித் தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி ஏறியதுதான் வலித்தது. இரண்டு நாளும் அவர் ஒரே குணத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்.

வசூலைப் பார்க்கும் அம்மா நேர் எதிர். மூன்று மாதமாகப் போனை எடுக்காத கடைக்காரரைக்கூட, “மகளுக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்ததா அண்ணா?” என்று தொடங்கி, கடைசியில் காசோலையோடு அலுவலகத்துக்கே வரவைத்துவிடுவார். ஆனால் அதே இரக்கத்தில், யாரையும் கேட்காமல் இன்னும் பத்து நாள் தவணை கொடுத்துவிடுவார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அட்டை வந்த புதிதில், ‘நான் உள்முக வகை’ என்று சொல்லிக்கொண்டு நூல் சப்ளையரிடம் போனில் பேசுவதை ஒரு மாதம் தவிர்த்தேன். எல்லாம் மின்னஞ்சல். அதற்குள் விலையை இரண்டு முறை ஏற்றிவிட்டார்கள். பேசப் பயந்தவனுக்கு அட்டை ஒரு மருத்துவச் சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டது.

அதனால் வகையைத் தேடாதீர்கள். உங்களைப் பாராட்டிய கடைசி நாளையும் திட்டு வாங்கிய கடைசி நாளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே குணம் வேலை செய்திருந்தால், எந்த இடத்தில் அதற்கு வேலி போடலாம் என்று யோசியுங்கள். நாங்கள் ஜிஎஸ்டி கோப்பை 17ஆம் தேதி மாலையே அவரிடமிருந்து வாங்கிவிடுகிறோம். வசூல் அம்மாவுக்கு ஏழு நாள் வரை முழு அதிகாரம், அதற்கு மேல் என்னைக் கேட்க வேண்டும்.

போன மாதமும் கேட்காமல் ஒருவருக்குப் பத்து நாள் கொடுத்திருக்கிறார். கேட்டால், “அவர் குரலே சரியில்லை சார்” என்றார். பணம் ஒன்பதாம் நாள் வந்துவிட்டது, என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.