டியூப் போட்ட அம்மாவுக்குச் சிறுநீரில் பூஞ்சை

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு இனிப்பு நீர், ஒரு மாதமாகச் சிறுநீர் டியூப், பரிசோதனையில் கேண்டிடா பூஞ்சை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கலாமா என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது பாக்டீரியாவைத்தான் கொல்லும். பூஞ்சைக்கு இன்னும் இடம் கிடைத்துவிடும்.

அம்மாவுக்கு எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் ஏதாவது உண்டா? ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. டியூப்பை எடுக்க முடியுமா, இல்லை புதிதாக மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். என் அப்பாவுக்கு டியூப்பை எடுத்ததிலேயே சரியாகிவிட்டது.

தொந்தரவு இருந்தால் வழக்கமாகக் கொடுப்பது புளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, தினமும் 200 மில்லிகிராம், 2 வாரம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார். பார்மசியில் கிடைக்கும் 150 மில்லிகிராம் ஒற்றை மாத்திரை பெண்ணுறுப்புப் பூஞ்சைக்கானது, இதற்குப் போதாது. எந்த வகை கேண்டிடா என்றும் கேளுங்கள்; கிளாப்ராட்டா, குருசேய் வகைகளுக்கு இந்த மருந்து பல நேரம் பலிக்காது.

அப்புறம், அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். கிளிக்லசைடு என்ற இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் புளூகோனசோல் சேரும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் என்றால் இரத்தக்கசிவு ஆபத்து.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.