இன்ட்டுக்குள் அடங்காத பருப்பு

அன்புள்ள ஐயா,

திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் லேபில் இன்றும் டாஸ்பாக்ஸுக்குள் (பழைய டாஸ் கணினி போல நடிக்கும் நிரல்) டர்போ சி என்ற பழைய சி கம்பைலர்தான். வீட்டு லேப்டாப்பில் ஜிசிசி 15 என்ற புது கம்பைலர். லேபில் ஒழுங்காக ஓடும் கரண்ட் பில் நிரல், டாஸில் திரை, கீபோர்டு வேலைகளுக்கான கோனியோ ஹெடரை எடுத்த பிறகும் வீட்டில் எரராகக் கொட்டுகிறது. புது ஜிசிசி ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறது? இரண்டிலும் கம்பைல் ஆக, 'இந்தக் கம்பைலர் என்றால் இந்த வரி' என்று பிரிக்கும் இஃப்டெஃப்பை வரிக்கு வரி போடத்தான் வேண்டுமா? சி படிப்பதே வீண் என்கிறான் நண்பன். நிரலை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள தம்பி,

நண்பனை விடுங்கள், அவன் பிழைத்துக்கொள்வான்.

எரர்களுக்கு முதலில். சரி-தவறு மதிப்புக்கு பூல் என்ற டைப் பெயரை நீங்களே உருவாக்கி (டைப்டெஃப்) வைத்திருக்கிறீர்கள். ஜிசிசி 15, நாம் எதுவும் சொல்லாவிட்டால், சி மொழியின் புதிய தரமான சி23 விதிப்படி படிக்கும். அதில் பூல் மொழிக்கே சொந்தமான சொல். அப்புறம், ஃபங்ஷனை அறிவிக்கும்போது அடைப்புக்குறியைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். முன்பு அதற்கு 'எது வந்தாலும் சரி' என்று பொருள்; இப்போது 'எதுவும் வராது'. உள்ளே டைப்களை எழுதுங்கள். 1989-ன் தரத்திலேயே உள்ள வழக்கம்தான், டர்போ சி-யும் ஏற்கும். மாறிகளை பிளாக்கின் தலையிலேயே அறிவியுங்கள். திரையைத் துடைப்பது, ஒரு கீயை அழுத்தும்வரை காத்திருக்கும் கெட்ச் எல்லாம் டாஸ் சமாச்சாரம். தனி ஃபைலில் ஒதுக்கி, இஃப்டெஃப்பை அங்கே மட்டும் வையுங்கள். வாய்ட் மெயினை (எந்த மதிப்பையும் திருப்பித் தராத மெயின்) இன்றே அழியுங்கள். அதைக் கற்றுக்கொடுத்தவரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் 'லேபில் ஒழுங்காக ஓடும்' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இரண்டிலும் கம்பைல் ஆனால் போதுமா, இரண்டிலும் ஒரே விடை வர வேண்டாமா?

தொண்ணூறுகளில் கீழமாசி வீதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு டர்போ சி-யில் பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். காசை பைசாவாகவே கணக்கு வைத்திருந்தேன். மொத்தத்தை லாங் (பெரிய முழு எண்ணுக்கான டைப்) என்று அறிவித்ததில், கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு. வீட்டில் மூன்று கிலோ, நான்கு கிலோ போட்டுப் பார்த்தேன், அருமையாக ஓடியது. கடையில் முதல் நாளே 20 கிலோ பருப்பு, கிலோ 18 ரூபாய் 50 பைசா. மைனஸ் 285 ரூபாய் 36 பைசா என்று பிரிண்டர் அடித்துத் துப்பியது. அண்ணாச்சி தாளைத் தூக்கிப் பிடித்து, "என்ன தம்பி, சரக்கையும் குடுத்து, காசையும் நாந்தேன் குடுக்கணுமா?" என்றார். மறுநாள் போனபோது கம்ப்யூட்டர் மேல் சாக்குத் துணி மூடியிருந்தது. அவர் பழையபடி சிட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்.

டர்போ சி-யில் இன்ட் (சாதாரண முழு எண்ணுக்கான டைப்) இரண்டு பைட், 32767 வரைதான். 20-ம் இன்ட், 1850-ம் இன்ட். பெருக்கலும் இன்ட்டிலேயே நடந்து 37000-த்தில் வழிந்து மைனஸாகிவிடும். வழிந்து முடிந்ததை லாங்கில் ஏந்தி என்ன பயன்? பெருக்குவதற்கு முன்பே இரண்டில் ஒன்றை லாங் ஆக்க வேண்டும். விடையை அச்சிடும் பிரிண்ட்எஃப்பில் இன்ட்டுக்கான டி போதாது, லாங்குக்கான எல்டி போட வேண்டும். இன்ட் குறைந்தது 16 பிட், லாங் குறைந்தது 32 பிட். சி நமக்குக் கொடுத்திருக்கும் வாக்கு அவ்வளவுதான். உங்கள் லேப்டாப்பில் இன்ட் நான்கு பைட்டாக இருப்பது அந்த மெஷினின் தாராளம். அதை நம்பி எழுதிவிட்டு கம்பைலரைத் திட்டினால் எப்படி?

உங்கள் நிரலிலும் யூனிட் இன்ட், பைசாக் கட்டணமும் இன்ட். நாளைக்கு லேபில் 300 யூனிட், யூனிட்டுக்கு 150 பைசா என்று கொடுத்துப் பாருங்கள். மின்வாரியம்தான் உங்களுக்கு 205 ரூபாய் 36 பைசா தர வேண்டும் என்று பில் சொல்லும்.