கேள்வி பதில்: சூப்பர் கம்ப்யூட்டருக்கு எந்த மொழி?

கேள்வி: சார், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சூப்பர் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத ஆசை. ஓப்பன்எம்பி, எம்பிஐ, கூடா, சேப்பல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது?
- மாணவர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: ஓப்பன்எம்பியில், தம்பி. ஒரே கம்ப்யூட்டரின் பல கோர்களுக்கு, அதாவது பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளுக்கு, வேலையைப் பிரித்துக் கொடுப்பது அது. சி தெரிந்தால் போதும், ஜிசிசி என்ற இலவச கம்பைலரோடு சேர்ந்தே வருகிறது, லூப்புக்கு (திரும்பத் திரும்பச் செய்யும் பகுதிக்கு) மேலே ஒரு வரி எழுதினால் லேப்டாப்பில் இருக்கும் கோர் எல்லாம் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஆனால் எல்லா கோரும் ஒரே மாறியில் (வேரியபிளில்) கூட்டிக்கொண்டிருக்கும்போது ரிடக்‌ஷன் (தனித்தனியாகக் கூட்டிக் கடைசியில் சேர்க்கச் சொல்லும் குறிப்பு) என்று குறிப்பிடாமல் விட்டால், ஓடவிடும் ஒவ்வொரு தடவையும் விடை மாறலாம், அதுவும் எர்ரர் எதுவும் காட்டாமலே. அந்தத் தொல்லையைக் கொஞ்சம் பட்டுவிட்டு அப்புறம் எம்பிஐக்குப் போங்கள், அது பல கம்ப்யூட்டர்களை ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொள்ள வைக்கும் முறை.

செவ்வாய்பேட்டையில் கொலுசு வேலை பார்த்திருப்பீர்கள். ஒரே பட்டறையில் நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து எடுத்துச் செய்தால் அது ஓப்பன்எம்பி. ஆளாளுக்குத் தனித்தனி வீட்டில் செய்து, ஒருவர் சரக்கை இன்னொருவருக்குக் கட்டி அனுப்பினால் எம்பிஐ. யாரிடம் எது இருக்கிறது, எது எப்போது வந்து சேரும் என்ற கணக்கு முழுக்க உங்கள் தலையில்தான்.

இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான் புது மொழிகள் வந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவான தார்பா 2002-ல் ஒரு திட்டம் தொடங்கி, அதில் க்ரே கம்பெனி சேப்பலையும், ஐபிஎம் எக்ஸ்10-ஐயும், சன் ஃபோர்ட்ரெஸ்ஸையும் உருவாக்கின. ஃபோர்ட்ரெஸ் வேலை 2012-ல் நின்றுவிட்டது, எக்ஸ்10 பற்றி இப்போது பேச்சே இல்லை, சேப்பல் மட்டும் பிழைத்து 2024-ல் 2.0 பதிப்பு வரை வந்திருக்கிறது. 1994-ல் வந்த எம்பிஐயோ இன்றும் எல்லா இடத்திலும் ஓடுகிறது. சேப்பல் நல்ல மொழிதான், டேட்டாவை எந்த மெஷினில் வைப்பது என்பதைத் தனியாகச் சொல்லிவிட்டு லூப்பைச் சாதாரணமாக எழுதலாம். ஆனால் எம்பிஐயில் லட்சக்கணக்கான வரிகள் ஏற்கெனவே எழுதிவைத்திருப்பவர், நாளைக்கு நிதி நின்றால் மொழியும் நின்றுவிடுமோ என்றுதானே யோசிப்பார்? அதனால் வேலைக்கு எம்பிஐ, ஆசைக்கு சேப்பல். கூடா என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும்தான், அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி என்ஐடியில் 2022-ல் வந்த பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் 838 டெராஃப்ளாப்ஸ் (வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு) வேகம் கொண்டது. அந்த மாதிரி மெஷினில் பல நோடுகளை (உள்ளே இருக்கும் தனித்தனி கம்ப்யூட்டர்களை) ஒரே வேலையில் சேர்க்கப் பெரும்பாலும் எம்பிஐதான் வேண்டும்.

கேள்வி: சேலத்துக்குச் சொல்லும் மழையையே ஏற்காட்டுக்கும் சொல்கிறதே செல்போன், ஏன்?
- காபித் தோட்டக்காரர், ஏற்காடு

பதில்: நேர்கோட்டில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் சுமார் 15 கிலோமீட்டர்தான், உயரத்திலோ ஆயிரம் மீட்டருக்கும் மேல் வித்தியாசம். வானிலைக் கணக்கில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு கணிப்பு போடுவார்கள். ஒரு கட்டம் 12 கிலோமீட்டர் அகலம் என்றால் சேர்வராயன் மலை அதில் ஒரு மேடாகத்தான் தெரியும், ஐயா. கட்டத்தைப் பாதியாகச் சுருக்கினால் கட்டங்கள் நாலு மடங்காகும், கணக்குப் போடும் நேர இடைவெளியையும் பாதியாக நறுக்க வேண்டும், ஆக மொத்தம் எட்டு மடங்கு வேலை. அதற்குத்தான் சூப்பர் கம்ப்யூட்டரில் அத்தனை பிராசசர். அந்தப் புரோகிராம்களில் பெரும்பாலானவை இன்னும் ஃபோர்ட்ரானில்தான் இருக்கின்றன, 1957-ல் வந்த மொழி!

கேள்வி: எட்டு கோர் இருந்தும் எட்டு மடங்கு வேகம் வரவில்லையே?
- வாசகி, சூரமங்கலம்

பதில்: வராது. வேலையில் 5 சதவீதம் வரிசையாகத்தான் செய்தாக வேண்டும் என்றால் எட்டு கோரில் ஆறு மடங்குகூடத் தேறாது. எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது. கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன கணக்கு இது.