சூப்பர் டீலக்ஸ் மாஸ்டர்பீஸா, இழுவையா? எங்க வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி

கேள்வி இதுதான்: "சூப்பர் டீலக்ஸ் படத்த கொஞ்சப் பேர் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க, கொஞ்சப் பேர் பாதியிலயே எழும்பிப் போயிட்டோம்ங்கிறாங்க. நீளம்தான் பிரச்சினையா, இல்ல எங்களுக்குத்தான் வெளங்கலயா?"

நீளமும் பிரச்சினை இல்ல, வெளங்காததும் இல்ல. அதுல நாலு கதை இருக்கு, நாலும் ஒரே தரம் இல்ல, ஆனா எல்லாரும் மொத்தமா ஒரே மார்க் போடுறாங்க, சண்டையே அதுலதான் வருது. நான் கதைய சொல்லித்தான் பேசப்போறேன், பாக்காதவங்க இதோட நிப்பாட்டிக்கோங்க.

படம் வந்தது 2019 மார்ச் 29. தியாகராஜன் குமாரராஜா 2011ல ஆரண்ய காண்டம் எடுத்துட்டு எட்டு வருசம் காக்க வச்சு எடுத்த ரெண்டாவது படம், மொதல்ல அநீதிக் கதைகள்னு பேர் வச்சிருந்தாங்க. எழுத்துல மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர்னு இன்னும் மூணு பேரோட பங்கும் இருக்கு. ஓடுற நேரம் ஏறக்குறைய 176 நிமிசம், ஏ சர்டிபிகேட், பாட்டுன்னு தனியா ஒண்ணும் இல்ல, யுவன் பின்னணி இசை மட்டும்தான். இங்க இலங்கைல நாங்க அதப் பத்திக் கதைக்க ஆரம்பிக்க முந்தியே ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, ஊரடங்கு, அதுக்கப்பறம் தியேட்டருக்குப் போற யோசனையே யாருக்கும் வரல. அதனால எங்க பக்கம் நெறையப் பேர் இந்தப் படத்த பாத்தது வீட்லதான், பென் டிரைவ் கைமாறி கைமாறி வந்து. குண்டு வெடிக்காம இருந்திருந்தாலும் எங்க மலையகத்துல, தேயிலைத் தோட்டப் பக்கம், மூணு மணி நேரப் படம்னா லேசு இல்ல, சாயங்கால ஷோ முடிய தோட்டத்துக்குப் போற கடைசி பஸ் போயிருக்கும், பெறகு த்ரீவீல்தான். அந்த வருசம்தான் தோட்டத் தொழிலாளிங்களோட கூட்டு ஒப்பந்தத்துல ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா ஆச்சு, 1000 கேட்டு கத்திக்கிட்டு இருந்த நேரம், குடும்பமா போனா ரெண்டு மூணு பேரோட நாள் சம்பளம் ஒரே ராத்திரில போயிரும்.

ஆனா நீளமான கதைய நம்ம சனம் தாங்காதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். மாசி மாசம் காமன் கூத்து, அதான் சிவன் மன்மதன எரிச்சதும் ரதி அழுகிற கதைக் கூத்து, வந்தா விடிய விடிய குளிர்ல கம்பளியப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கிற சனம் இது. ரதி, மன்மதன், சிவன், தூதன், எமன், குறவன் குறத்தின்னு அங்கயும் ஆளுக்கு மேல ஆள் வந்துக்கிட்டேதான் இருப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனிப் பாட்டு, தனி ஆட்டம், நடுவுல பிளேன்டீ குடிக்கப் போயிட்டு வந்தாலும் கத விட்டுப் போகாது. ஏன்னா எந்த ஆளு வந்தாலும் அது ரதியோட துக்கத்துக்குள்ளதான் வந்து நிக்கும். சூப்பர் டீலக்ஸ்ல அந்தப் பிடிப்பு சில கதைல இருக்கு, சில கதைல இல்ல, அவ்வளவுதான் விசயம்.

இருக்கிற கதை ஷில்பாவோடது. மாணிக்கமா வீட்ட விட்டுப் போன ஆளு வருசக்கணக்கு கழிச்சு திருநங்கையா திரும்பி வருது, விஜய் சேதுபதி. வீடு நெறைய சொந்தக்காரங்க கூடி அப்பா வாறாரு அப்பா வாறாருன்னு காத்துக்கிட்டு இருக்காங்க, கார்ல இருந்து சேலையோட எறங்குது. எல்லாரும் வாயடைச்சுப் போய் நிக்கிறாங்க, பையன் ராசுக்குட்டி மட்டும் அப்பா வந்துட்டாருன்னு சந்தோசமா ஒட்டிக்கிறான். இத நான் எங்க சித்தி, மதினி, ரெண்டு தங்கச்சிங்களோட உக்காந்து பாத்தேன், ஆம்பளைங்க ஒருத்தரும் வீட்ல இல்லாத நாளாப் பாத்துத்தான் போட்டோம். சித்தி குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிட்டு வந்த ஆளு. அது திரும்பி வந்தன்னைக்கு லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, இருந்த அத்தனை பேரும் இஸ்தோப்புல, முன் திண்ணையில, வந்து நின்னாங்க, சொந்தப் புள்ள மட்டும் அப்பாயி பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டு யாரோ அக்கா வந்திருக்குன்னு சொன்னான். அதனால இந்த சீன்ல மத்தவங்கல்லாம் கொஞ்சம் சிரிச்சப்ப சித்தி சிரிக்கல, "புள்ளைக்கு மொகம் தெரிஞ்சாப் போதும், சேல கட்டியிருந்தா என்ன"ன்னு மட்டும் சொல்லுச்சு. அந்த ஒரு கதை மட்டும் மூணு மணி நேரம் ஓடியிருந்தாலும் எங்க வீட்ல யாரும் எழும்பிருக்க மாட்டாங்க.

ஆனா எழும்புனாங்க. அதுவும் சித்திதான். பையன் காணாமப் போனப்பறம் ஷில்பா ஒரு விசயத்த சொல்லி அழும், முன்ன ஒரு காலத்துல வேற யாரோட புள்ளைங்களையோ பிச்சை எடுக்க வைக்கிற கும்பலுக்குக் கொண்டுபோய் குடுத்துட்டேன்னு. அந்தப் பாவம்தான் இப்ப என் புள்ளை மேல வந்து விடிஞ்சிருச்சுங்கிற மாதிரி. சித்தி கேட்டது இதுதான்: "அப்ப அந்தப் புள்ளைங்க என்னாச்சு? அவங்க அம்மா எங்க?" படம் அதத் திரும்பிக் கூடப் பாக்காது. ராசுக்குட்டி கெடச்சிருவான், பொண்டாட்டி ஜோதியும் ஏத்துக்கும், நீ எப்படி வேணா இருந்துக்கோ எங்க கூட இருன்னு முடிஞ்சிரும். நல்ல முடிவுதான், எனக்கும் தொண்டைய அடைச்சுச்சு, ஆனா அந்தப் புள்ளைங்க எங்கன்னு ஒரு கேள்வி மண்டைக்குள்ள நிக்குதே. இந்தியாவுல திருநங்கைங்க தரப்புல இருந்தும் இந்த எடத்துக்குத்தான் பெரிய எதிர்ப்பு வந்துச்சு, புள்ளைப் புடிக்கிறவங்கன்னு ஏற்கனவே ஊரு கட்டி வச்சிருக்கிற கதைய ஏன் நீங்களும் தூக்கிட்டு வாறீங்கன்னு. அதே படத்துக்கு 2019ல மெல்போர்ன் இந்தியத் திரைப்பட விழாவுல சமத்துவத்துக்கான விருதும் குடுத்தாங்க, விஜய் சேதுபதிக்கு அங்க சிறந்த நடிகர், பிறகு இந்திய தேசிய விருதுல சிறந்த துணை நடிகர். ரெண்டு பக்கமும் பொய் சொல்லலன்னுதான் நான் நினைக்கிறேன். நடிப்புக்கும் அந்த அன்புக்கும் விருது சரி. ஆனா கதையில ஒரு முடிச்சு தேவைப்பட்டதுக்காக ஷில்பா தலையில ஒரு குத்தத்த ஏத்தி வச்சிருக்காங்க, அதக் கோபப்பட்டுக் கேட்டதும் சரி.

அற்புதம் கதைக்கு வாறேன். மிஷ்கின் நடிச்சது. சாகப்போன மனுசன் சுனாமில ஒரு சிலையப் புடிச்சு பொழச்சுக்கிட்டு அந்த சிலையையே ஆண்டவரா வச்சு கும்பிட ஆரம்பிச்சிருக்காரு. மகன் வயித்துல குத்துப்பட்டு ரத்தம் ஓடுது, இவரு ஹொஸ்பிட்டலுக்குப் போகாம ஜெபம் பண்ணுறாரு, தாய் லீலா, அதாவது ரம்யா கிருஷ்ணன், கெஞ்சிப் பாத்துட்டு பெறகு தானே தூக்கிட்டு ஓடுது. இதப் பாத்து மூடநம்பிக்கைய கிண்டல் பண்ணிட்டாங்கன்னு ஒரு கூட்டம் கைதட்டுச்சு, சாமிய கேலி பண்ணிட்டாங்கன்னு இன்னொரு கூட்டம் ஏசுச்சு. எனக்கு ரெண்டும் படல. எங்க பக்கம் தோட்டத்து டிஸ்பென்சரில ஆள் இருக்காது, பெரிய ஹொஸ்பிட்டலுக்கு வாகனம் புடிச்சுப் போகணும், அதுக்குள்ள மாரியம்மன் கோயில் துன்னூரும் ஜெபக்கூட்டத்து எண்ணெயும் தான் கைக்கு எட்டுற தூரம், அதனால அற்புதத்த முட்டாள்னு என்னால சிரிச்சுட்டுப் போக ஏலல. மிஷ்கின் அதப் பயந்த மனுசனாத்தான் நடிச்சிருக்காரு, நம்பிக்கை கையவிட்டுப் போனா தனக்கு ஒண்ணுமே மிஞ்சாதுங்கிற பயம் அந்த மொகத்துல தெரியுது. லீலா பழைய காலத்துல அந்த மாதிரிப் படத்துல நடிச்சதப் பத்தி வெக்கமே இல்லாம பேசுற எடம் இருக்கே, பாக்கிறவன் அத்தன பேர் இருக்கிறப்ப நடிக்கிறவ மட்டும் கெட்டவளான்னு கேக்கிற மாதிரி, அதுல எங்க மதினி கையத் தட்டிருச்சு. (பொதுவா அது வாயே தெறக்காத ஆளு.)

வேம்பும் முகிலும், சமந்தாவும் ஃபகத் ஃபாசிலும், பழைய காதலன் கட்டில்லயே செத்துப் போயிருவான், பொணத்த ஃபிரிட்ஜ்ல வச்சுக்கிட்டு புருசன் பொண்டாட்டி சண்ட போடுவாங்க. சிரிப்பு நல்லா வந்துச்சு, ஜீப்புக்குள்ள நாட்டப் பத்தி சாதியப் பத்தி முகில் கத்துற கத்து கொஞ்சம் நீளம்தான், ஆனா அவன் அப்படிப்பட்ட ஆளுதானே, விட்டுறலாம்.

இப்ப எனக்கு புடிக்காத பகுதி. அந்த மாதிரிப் படம் பாக்கப் போய் டிவிய ஒடச்சிட்டு, புது டிவிக்குக் காசு தேடி அலையிற பசங்க கதை, கடைசில ஏலியன் பொண்ணு. எங்க சின்ன மாமா மகன் கொழும்புல வேலை செய்றான், அவனுக்கு இதுதான் படத்தோட உசுரு, எல்லாமே தற்செயல், எல்லாமே ஒண்ணு, பிரபஞ்சம், அப்படி இப்படின்னு போன்ல ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தான். சரிடா தம்பி, தற்செயல்னா ஓகே, ஆனா கெட்ட போலீஸ்காரன் பெர்லின் தலையில எங்கயோ இருந்து ஒரு டிவி விழுந்து செத்துப் போறான், ஹொஸ்பிட்டல் செலவுக்குக் காசில்லைன்னா சிலைக்குள்ள இருந்து வைரம் கெடைக்குது, இதெல்லாம் தற்செயலா? டைரக்டர் மேல உக்காந்துக்கிட்டு யாருக்கு எத எப்ப குடுக்கணும்னு பங்கு பிரிக்கிறாரு. அதுவும் பத்தாதுன்னு கடைசில தியேட்டர் திரையில ஒரு டொக்டர் வந்து நாம இவ்வளவு நேரமா பாத்தது எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லிட்டுப் போறாரு. ராசுக்குட்டி மொகத்துல ஏற்கனவே வெளங்குனத எதுக்கு மறுபடி சொல்லித் தரணும்?

மாமா மகன் அதுக்கு மேக்னோலியாங்கிற இங்கிலீஷ் படத்த எடுத்துக்காட்டுனான். பால் தாமஸ் ஆண்டர்சன் 1999ல எடுத்தது, அதுவும் மூணு மணி நேரத்துக்கு மேல, அதுலயும் சாகக் கெடக்கிற அப்பா, போலீஸ்காரன், டிவில வாற சின்னப் பையன்னு பல கதை, கடைசில வானத்துல இருந்து தவளை மழையே கொட்டும், அதுக்கும் இதே மாதிரி உலகம் ரெண்டாப் பிரிஞ்சுதான் நின்னுச்சு. உண்மைதான். ஆனா வருசம் போனப்பறம் ஆண்டர்சனே ஒரு 20 நிமிசத்த வெட்டியிருக்கலாம்னு சொன்னாருங்கிறத அவன் சொல்லல, நான்தான் சொன்னேன். போன கட் பண்ணிட்டான்.

அதனால "உங்களுக்கு வெளங்கல"ன்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க. எங்க சித்தி எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சிருக்கு, இந்தப் படத்த பத்தி நான் வாசிச்ச விமர்சனங்கள்ல அது கேட்ட அந்தக் கேள்விக்குக் கிட்ட வந்ததே கொஞ்சம்தான். அதே நேரம் இழுவைன்னு ஒரே வார்த்தையில தூக்கிப் போடுறவங்க ஷில்பாவும் ராசுக்குட்டியும் ஸ்கூலுக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பி வாற எடத்த இன்னொருக்கா பாருங்க, தமிழ்ல அந்த மாதிரி எழுதி எடுக்கிறவங்க ரொம்பப் பேர் இல்ல.

நான் எந்தப் பக்கம்னு கேட்டா, ஷில்பா கதைக்கும் அற்புதம் கதைக்கும் மாஸ்டர்பீஸ் கட்சி, பசங்க கதைக்கு எழும்பிப் போற கட்சி. பாக்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அப்பா, மாமா ஆளுங்கள பக்கத்துல வச்சுக்கிட்டு போடாதீங்க, படம் ஆரம்பிச்ச கையோட ரிமோட் எங்கன்னு தேட வேண்டி வரும்.