திரிபிடகத்தில் இல்லறத்தானுக்கு இடமில்லையா?

கேள்வி: பௌத்தர்களின் திரிபிடகம் முழுவதும் துறவிகளுக்கான சட்டதிட்டம்தானே? மனைவி மக்களோடு வாழ்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: திரிபிடகம் என்பது பௌத்த மறைநூல்களின் மூன்று பெருந்தொகுப்புகள்; அந்த மூன்று பிடகங்களில் ஒன்றை மட்டும் கேள்விப்பட்டு மூன்றுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நீங்கள் சட்டதிட்டம் என்று சொல்வது விநய பிடகம். பிக்குகளான ஆண் துறவிகளுக்கு 227 விதிகளும் பிக்குணிகளான பெண் துறவிகளுக்கு 311 விதிகளும் அதில் இருப்பது உண்மைதான். ஆனால், எந்த விதி எந்த நிகழ்ச்சியால் வந்தது என்பதையும் அதுவே சொல்கிறது. அங்கெல்லாம் இல்லறத்தாரின் குரல் கேட்கிறது. மழைக்காலத்திலும் ஊர் ஊராகத் திரிந்த பிக்குகள் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்து அழிக்கிறார்கள் என்று மக்கள் குறைகூறிய பிறகே, மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் விதி ஏற்பட்டது. மகன் புத்தரைத் தொடர்ந்து பேரன் ராகுலனும் துறவு பூண்டதில் மனம் நொந்த சுத்தோதனர் வேண்டிக்கொண்டதால்தான், பெற்றோரின் இசைவின்றிப் பிள்ளைகளைத் துறவியர் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்ற விதி வந்தது.

மூன்றிலும் மிகப் பெரியது புத்தரின் உரைகள் அடங்கிய சுத்த பிடகம். தாய்லாந்துப் பதிப்பின் 45 தொகுதிகளில் விநயத்துக்கு 8 என்றால் இதற்கு 25. தீகம், மஜ்ஜிமம், சம்யுத்தம், அங்குத்தரம், குத்தகம் என்னும் ஐந்து நிகாயங்களாக, அதாவது தொகுதிகளாக, அது அமைந்துள்ளது. தீக நிகாயத்தின் சிகாலோவாத சுத்தம் என்ற உரையை ஒருமுறை படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. இராசகிருகத்தில் விடியற்காலையில், ஈர உடையும் ஈரத் தலையுமாக நின்று ஆறு திசைகளையும் கும்பிடுகிற சிகாலன் என்ற இளைஞனிடம், பெற்றோர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், வேலையாட்கள், துறவோர் ஆகியோரே அந்த ஆறு திசைகள் என்கிறார் புத்தர். வேலையாளின் வலிமைக்கேற்ற வேலை கொடு, உணவும் கூலியும் கொடு, நோயுற்றால் கவனி, நல்ல பண்டம் கிடைத்தால் பகிர்ந்துகொள், உரிய நேரத்தில் ஓய்வு கொடு என்று முதலாளிக்கு அவர் சொல்லும் ஐந்து கடமைகளும் இன்றைக்கும் நம் பட்டறைகளிலும் கடைகளிலும் படித்துக் காட்டத் தக்கவை. 423 பாடல்கள் கொண்ட தம்மபதமும் இதே பிடகத்தில், குத்தக நிகாயத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவதான அபிதம்ம பிடகம், மனத்தின் நிலைகளையும் அவற்றுக்கிடையிலான காரண காரியத் தொடர்புகளையும் ஏழு நூல்களில் நுணுக்கமாக ஆராய்வது. முதலில் தொட வேண்டியதன்று. இவை பௌத்தத்தின் தேரவாதப் பிரிவினருடைய பாலி மொழி நூல்கள். மற்றொரு பிரிவான மகாயானத்தாருக்குத் தனிச் சூத்திரங்கள் உண்டு.

மதுரைக்கு அருகில் இருந்துகொண்டு இதை அயலார் சரக்கு என்று ஒதுக்குவதும் முறையன்று. மதுரைக் கூலவாணிகன் என்று பெயரோடு தொழிலும் சேர்த்துச் சொல்லப்படும் சாத்தனார், சம்யுத்த நிகாயம் விரித்துரைக்கும் அதே பன்னிரு சார்புகளை, அதாவது ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் காரணத் தொடரை, பேதைமை முதல் வினைப்பயன் வரை, பௌத்தத் துறவி அறவண அடிகளின் வாக்காக மணிமேகலையின் 30-ஆம் காதையில் தமிழாக்கித் தந்திருக்கிறார். சிகாலனுக்குச் சொன்ன உரையை முதலில் படியுங்கள். அடுத்து அந்தக் காதையை எடுங்கள்.