கொக்கோ காயவைக்க விறகா, காஸா, கரண்டா?

கேள்வி: மாத்தளையிலிருந்து நொதித்த கொக்கோ விதையை ஈரமாகவே கொண்டுவந்து காயவைக்கிறோம், ஒரு தடவைக்கு 100 கிலோ. மாரியில் எந்த எரிபொருள் கட்டுப்படியாகும்? தகரக் குழாய் போட்ட விறகு உலர்த்தியில் காயவைத்ததை, புகை மணக்கிறது என்று திருப்பிவிட்டார்கள்.
– வாசகர், திருகோணமலை

பதில்: தண்ணீரிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். நொதித்த விதையில் ஈரம் ஏறக்குறைய 55 சதவீதம். மூட்டை கட்டும்போது அது 7.5க்கு மேல் இருக்கக்கூடாது. ஆக 100 கிலோவில் 51 கிலோ தண்ணீர் போகவேண்டும். அதை ஆவியாக்க மட்டும் 34 யூனிட் மின்சாரத்தின் சூடு வேண்டும். உலர்த்தி பாதிச் சூட்டை வெளியே விட்டால் கரண்டில் 68 யூனிட் போகும். காஸில் ஐந்தரைக் கிலோ, 12.5 கிலோ சிலிண்டரில் பாதிக்குச் சற்றுக் குறைவு. விறகில் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் விதைக்குச் சேரும் என்று வைத்தாலும், நன்றாகக் காய்ந்த விறகு 40 கிலோ போதும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விறகுதான் மலிவாக வரும். ஈர விறகென்றால் இந்தக் கணக்குப் பிழையாகிவிடும்.

புகை மணத்துக்கு, புகை போகும் குழாயில் விழுந்த ஓட்டையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கடற்காற்றில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். விதையைப் பரப்புமுன் அடுப்பில் ஈரத் தேங்காய்ப் பொச்சைப் போட்டுப் புகையவிட்டு, வெறும் தட்டுகளின் மேல் முகர்ந்து பாருங்கள். மணம் வந்தால் குழாயையும் மூட்டுகளையும் மாற்றாமல் விதையை ஏற்றாதீர்கள். கொக்கோப் பருப்பில் பாதி கொழுப்பு. அதில் பிடித்த புகை வறுத்தாலும் போகாது.

சிரட்டை கடுமையாக எரியும், விறகோடு கொஞ்சமாகக் கலந்து போடுங்கள். முதல் நாள் காற்றின் சூடு 50 பாகையைத் தாண்டவேண்டாம், பிறகும் 60தான் எல்லை. அவசரப்பட்டால் தோல் இறுகி அமிலம் உள்ளேயே அடைபடும், சாக்லேட் புளிக்கும்.

வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் அடுப்பே வேண்டாம். மாரியிலும் வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களை விடாதீர்கள். வெயிலிலேயே ஈரம் 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அடுப்புக்கு மிஞ்சுவது 16 கிலோ தண்ணீர்தான். அது விதையின் உள்ளிருந்து மெதுவாக வரும். சின்ன நெருப்பை நீண்ட நேரம் வையுங்கள்.

வலைப்பையில் ஒரு கிலோ ஈர விதையைக் கட்டி மற்றவற்றோடு தட்டில் போடுங்கள். 485 கிராமுக்கு வந்ததும் ஒரு பிடி விதையை அமுக்கிப் பாருங்கள், தோல் சடசடவென உடையவேண்டும். பருப்பே பொடியாக நொறுங்கினால் கூடக் காய்ந்துவிட்டது.