ஆவியோடு பேசும் டிவி நிகழ்ச்சிகள்: ஆறுதல் கிடைத்தால் போதாதா?

டிவியில் ஆவியோடு பேசுகிறவர்கள் எப்படி அவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள், கேட்பவருக்கு ஆறுதல் கிடைத்தால் அதில் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லூரி நாட்களில் நான் மேஜிக் பழகினேன். விடுதியில், அப்பாவை இழந்திருந்த நண்பனிடம் ஒருநாள், “உங்க வீட்டு பீரோவுல ஓடாத வாட்ச் ஒண்ணு இருக்கு, தூக்கிப் போட யாருக்கும் மனசு வரல” என்றேன். அப்படி ஒரு வாட்ச் இல்லாத வீடு அப்போது குறைவு. அவன் முகம் மாறிவிட்டது. “அப்பாவோடது, எச்எம்டி” என்றான். அப்புறம் நான் வாயே திறக்கவில்லை. கறுப்புப் பட்டை, ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றிக் கொடுத்த நர்ஸ் என்று எல்லாம் அவனே சொன்னான். மறுநாள் பார்த்தால், எச்எம்டி என்று நான் சொன்னதாக மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்! அப்பா வேறு ஏதாவது சொன்னாரா என்று தனியாக வந்து கேட்டான். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதோடு அந்த வித்தையை விட்டுவிட்டேன்.

இதற்குப் பெயர் கோல்ட் ரீடிங். டிவியில் எடிட்டிங் வேறு கைகொடுக்கும். தப்பாகச் சொன்னவை நம் கண்ணுக்கே வராது. முன்கூட்டியே விவரம் திரட்டி வைப்பது ஹாட் ரீடிங். அமெரிக்க டிவி மதபோதகர் பீட்டர் பாப்ஆஃப் முன்பின் தெரியாதவர்களின் பெயரையும் நோயையும் சொல்வார், கடவுள் சொல்கிறார் என்பார். மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழு ரேடியோ ஸ்கேனரோடு போய்க் காத்திருந்தது. 39.17 மெகாஹெர்ட்ஸில் கேட்டது பாப்ஆஃபின் மனைவியின் குரல். கூட்டத்தினர் எழுதிக் கொடுத்த ஜெப அட்டைகளைப் படித்து, கணவரின் காதுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். 1986-இல் ஜானி கார்சனின் அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் ராண்டி அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்.

சரி, ஆறுதல். எனக்கு இந்த வாதம் ஒப்பவே இல்லை. ஆறுதல் சொல்லும் அதே வாய், அதே உறுதியோடு வேறொன்றும் சொல்லும். அமண்டா பெர்ரி என்ற பெண் 2003-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் காணாமல் போனபோது, மறுநாள் அவளுக்கு 17-வது பிறந்தநாள். 2004-இல் மான்டெல் வில்லியம்ஸின் டிவி நிகழ்ச்சியில், ஆவியோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்ட சில்வியா பிரவுன், அமண்டா உயிரோடு இல்லை என்று அவளுடைய அம்மாவிடம் நேருக்கு நேராகச் சொன்னார். அம்மா பெரும்பாலும் நம்பிவிட்டார். 2006 மார்ச்சில் அவர் இறந்தார்.

2013 மே மாதம், தன்னை அடைத்து வைத்திருந்த வீட்டிலிருந்து அமண்டா 6 வயது மகளோடு தப்பி வெளியே வந்தார். அதே கிளீவ்லாந்தில்.